யாரும் பயன்படுத்தாத கணக்கில் உள்ளே வந்தது யார்?

வணக்கம். அலுவலகத்தின் நெட்வொர்க்கைத் தனி ஆளாகக் கட்டி மேய்க்கிறவர்களுக்காகவே இந்த வீடியோ. பிரின்டர் ஓடவில்லை என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் விழுந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஓட்டத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஒரு வேலையைப் பற்றி, யாரும் பயன்படுத்தாத கணக்குகளைத் தேடி மூடுவதைப் பற்றி, இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் செய்தி பலருக்கு நினைவிருக்கும். டெக்ஸாஸிலிருந்து நியூ ஜெர்சி வரை சுமார் 5,500 மைல் நீளமுள்ள குழாய். கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதம் அதன் வழியாகத்தான் போகிறது. 2021 மே 7 அதிகாலையில், கட்டுப்பாட்டு அறை ஊழியர் ஒருவரின் திரையில் பணம் கேட்டு மிரட்டும் செய்தி தோன்றியது. ஒரு மணி நேரத்துக்குள் குழாய் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது.

இவ்வளவுக்கும் ஆரம்பம், வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வர உதவும் ஒரே ஒரு வி.பி.என். கணக்கு. ஏப்ரல் 29ஆம் தேதியே தாக்கியவர்கள் அதன் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். அந்தக் கணக்கை அப்போது யாரும் பயன்படுத்தவில்லை, ஆனால் யாரும் மூடவும் இல்லை. அதன் பாஸ்வேர்டு, கசிந்து இணையத்தின் இருட்டுச் சந்தையில் கிடந்த ஒரு தொகுப்பில் இருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. நிறுவனத்தின் தலைவர் ஜோசஃப் ப்ளவுன்ட் செனட் குழு முன்பு பேசியபோது, அது எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு அல்ல என்றார். எனக்கு அந்தப் பதில்தான் முக்கியமாகப் படுகிறது. பாஸ்வேர்டு எவ்வளவு சிக்கலாக இருந்தால் என்ன, திருடியவன் அதை ஊகிக்க வேண்டியதே இல்லையே! எழுத்து பிசகாமல் தட்டுகிறான். பதிவேட்டில் 'வெற்றி' என்று விழுகிறது. ஃபயர்வாலுக்கும் ஆன்டிவைரஸுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதனால், இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை ஆளில்லாத கணக்குகளைத் தேடுவது. திரையைப் பாருங்கள். என் சோதனைக் கூடத்து ஆக்டிவ் டைரக்டரியில் (எல்லாருடைய கணக்குகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு), 90 நாட்களாக உள்நுழையாத கணக்குகளை மட்டும் வடிகட்டியிருக்கிறேன். இங்கே ஒரு நுணுக்கம். 'கடைசி உள்நுழைவு' என்று இந்த நெடுவரிசையில் தெரியும் தேதி உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. இயல்பான அமைப்பில் ஒன்பது முதல் பதினான்கு நாட்கள் வரை பின்தங்கியிருக்கும். ஆகவே 10 நாள், 15 நாள் என்று வடிகட்டி யாரையும் முடக்கிவிடாதீர்கள், வேலையில் இருப்பவரே மாட்டிக்கொள்வார். 90 நாள் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பட்டியலில் என்னென்ன வருகின்றன பாருங்கள்: வேலையை விட்டுப் போனவர், ஒப்பந்தம் முடிந்த ஏஜென்சி, 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', பழைய ஸ்கேனருக்காக உருவாக்கிய ஒன்று. உடனே அழிக்க வேண்டாம். முதலில் முடக்குங்கள். ஒரு மாதம் காத்திருந்து, யாரும் குரல் கொடுக்காவிட்டால் அழியுங்கள்.

'டெஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். மைக்ரோசாஃப்டுக்கே 2023 நவம்பரில் இது நேர்ந்தது. மிட்நைட் பிளிஸ்ஸார்ட் என்று அழைக்கப்படும் ரஷ்யக் குழு நுழைந்த வழி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு. கண்டுபிடித்தது 2024 ஜனவரி 12ஆம் தேதி. அதற்குள் மூத்த அதிகாரிகள் சிலரின் மின்னஞ்சல்களைப் படித்துவிட்டார்கள்.

அவர்கள் கையாண்ட உத்தியையும் காட்டுகிறேன். ஐந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதியை நாம் எல்லோரும் வைத்திருக்கிறோம். தாக்குகிறவனுக்கும் அது தெரியும். அதனால் ஒரே கணக்கில் நூறு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்க மாட்டான். ஒரே பாஸ்வேர்டை எடுத்து நூறு கணக்குகளில் ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பான். கணக்குக்கு ஒரு தவறுதான், எதுவும் பூட்டாது. இதோ, உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பதிவேட்டில், தோல்வியைக் குறிக்கும் 4771 என்ற எண்ணுள்ள வரிகள். கணக்குவாரியாகப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று, சாதாரணம். வரிசையை மாற்றி, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது என்று தொகுத்துப் பாருங்கள். ஒரே முகவரி, பத்து நிமிடத்தில் நாற்பது பெயர்கள். இந்த ஒரு கோணத்தில் பார்க்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. கைதேர்ந்தவர்கள் முகவரியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்போது மொத்தத் தோல்விகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வைத்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். முதலில் வையுங்கள், வெளியிலிருந்து நுழையும் எல்லா வாசல்களிலும், ஒன்று விடாமல். 2024இல், மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் விழுந்தது, வெளியிலிருந்து நுழைவதற்கான, சரிபார்ப்பு விடுபட்ட ஒரே ஒரு சிட்ரிக்ஸ் வாசலால். பிப்ரவரி 12 அன்று திருட்டு பாஸ்வேர்டுடன் நுழைந்தார்கள். ஒன்பது நாள் உள்ளேயே உலவினார்கள். 21ஆம் தேதி எல்லாவற்றையும் பூட்டினார்கள். அமெரிக்கா முழுக்க மருந்துக் கடைகளில் காப்பீட்டுச் சீட்டுகள் செல்லாமல் நோயாளிகள் தவித்தார்கள். மருந்துக்காக ஒருவர் கடை வாசலில் நிற்கிறார், காரணம் ஏதோ ஒரு சர்வரில் டிக் செய்யாத ஒரு கட்டம். நம் வேலையின் கனம் இதுதான்.

ஆனால் எந்த வகைச் சரிபார்ப்பு என்பதும் முக்கியம். போனில் 'அனுமதிக்கவா?' என்று மட்டும் கேட்கும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 செப்டம்பரில், தாக்கியவன் விடாமல் நுழைய முயன்றதால், ஊபர் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்தபட்சம், திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டும் வகைக்கு மாறுங்கள். அட்மின் கணக்குகளுக்கு யூ.எஸ்.பி. பாதுகாப்புச் சாவியோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ வைக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயோ கட்டாயம் வேண்டும். போலித் தளத்தில் ஓ.டி.பி.யை மனிதர் ஏமாந்து தட்டிவிடலாம். பாஸ்கீ தளத்தின் முகவரியோடு பிணைந்தது, போலி முகவரிக்கு அது பதிலே தராது.

மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஊழியர்களை வதைப்பதை நிறுத்திவிடலாம். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017இலிருந்து அது வேண்டாம் என்கிறது. கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். புதிய பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்த பட்டியல்களில் இருக்கிறதா என்று சோதிப்பதில்தான் பலன் இருக்கிறது.

கடைசியாக, ஒரு திருட்டுக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்டை மாற்றியதும் பலர் மூச்சு விடுகிறார்கள். உள்ளே இருப்பவனிடம் ஏற்கெனவே வாங்கிய டோக்கன், அதாவது உள்நுழைந்ததற்கான அனுமதிச் சீட்டு, இருக்கும், அது காலாவதியாகும் வரை செல்லும். எனவே திறந்திருக்கும் அமர்வுகள் அனைத்தையும் ரத்து செய்யுங்கள். அந்தக் கணக்கில் புதிதாகப் பதிவான போன் உண்டா, மின்னஞ்சலை வெளியே திருப்பிவிடும் விதி உண்டா என்று பாருங்கள். நெட்வொர்க் முழுவதையும் ஆளும் டொமைன் அட்மின் வரை போயிருக்கிறான் என்ற சந்தேகம் இருந்தால், டொமைனின் உள்நுழைவு டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கே.ஆர்.பி.டி.ஜி.டி. கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும். முந்தைய பாஸ்வேர்டையும் டொமைன் ஏற்கும் என்பதால் ஒரு முறை போதாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது பத்து மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் நல்லவர்களின் டிக்கெட்டுகளும் சேர்ந்து செத்துவிடும், காலையில் அலுவலகமே உள்நுழைய முடியாமல் நிற்கும். அந்த மாற்றத்தைச் சோதனைக் கூடத்தில் செய்து காட்டும் வீடியோ அடுத்த வாரம் வரும். கேள்விகள் இருந்தால் அதற்குள் எழுதுங்கள், சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.