கலிஃபோர்னியா குடியிருக்க நல்ல ஊரா? சேலம் அஸ்தம்பட்டி பட்டிமன்றத்துல நான் பேசினது

போன ஞாயித்துக்கிழமை பேசினதை எழுதிப் போடச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டாங்க. ஞாபகத்துல இருக்கறவரைக்கும் பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.

எல்லாருக்கும் வணக்கமுங்க. நடுவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்துல பாதிப் பேருக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவர் நீங்க, உங்க முன்னாடி மைக் புடிக்கறதே எனக்குப் பெரிய பாக்கியம். மண்டபத்தை வாடகை வாங்காம குடுத்த செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை முதலாளி அண்ணனுக்கு நன்றி, அவரு போன வருஷமும் குடுத்தாரு, அதுக்கு முந்தின வருஷமும் குடுத்தாரு, கொலுசுத் தொழில் இன்னிக்கு இருக்கற நிலைமைல இதைச் செய்யறதுக்குத் தனி மனசு வேணும். எங்க வார்டு கவுன்சிலர் அம்மா வந்திருக்காங்க, கடைசி வரைக்கும் இருக்கணும்னு கேட்டுக்கறேன், அவங்க காதுல விழணும்னு ஒரு விஷயம் வச்சிருக்கேன். ஏற்காட்டுலேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கற காபித் தோட்டத்து ஐயாவுக்கும், எதிரணியில ரொம்ப அழகாப் பேசின பேராசிரியை அம்மாவுக்கும், சாப்பாடு போடப் போற சமையல் மாஸ்டருக்கும் வணக்கம்.

தலைப்பு என்னன்னா, "கலிஃபோர்னியா குடியிருக்க உகந்த மாநிலமே". எனக்குக் குடுத்தது உகந்தது இல்லைங்கற அணி. மூணு விஷயம் பேசப் போறேன். ஒண்ணு வீட்டுச் செலவு, ரெண்டாவது காட்டுத்தீ, மூணாவது தண்ணி. அதுக்கு முன்னாடி எங்க பாட்டி அடிக்கடி சொல்றதை ஒரு தடவை சொல்லிடறேன். கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம். அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஊரைப் போய்ப் பாக்கறப்ப இந்த ஒரே அளவுகோலைத்தான் வச்சிருந்துச்சு.

எதிரணி அம்மா சொன்னதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கல. கலிஃபோர்னியாவைத் தனி நாடாக் கணக்குப் பண்ணுனா உலகத்துல நாலாவது பெரிய பொருளாதாரம், ஜப்பானையே தாண்டிருச்சு. நாலு கோடிக்குக் கொஞ்சம் கொறைவா ஜனங்க. நம்மூர் மாதிரி வேர்த்துக் கொட்டாது, மத்த மாநிலம் மாதிரி பனியில பொதையவும் வேணாம். 1848ல அங்க தங்கம் கெடைக்குதுன்னு தெரிஞ்சதும் உலகமே ஓடுச்சு, இன்னிக்கு நம்ம பசங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு ஓடறாங்க. இந்த மண்டபத்துல எத்தனை வீட்டுல பையனோ பொண்ணோ அங்க இருக்காங்கன்னு கை தூக்கச் சொன்னா எனக்கே பயமா இருக்கு, என் கையும் தூக்கத்தான் வேணும்.

ஆனா பாருங்க, அங்க ஒரு சாதாரண வீடு 8 லட்சம் டாலருக்கு மேல. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 7 கோடி. எம் பையன் ரெண்டு பேர் சம்பளத்துல வாடகை வீட்டுல இருக்கான். வீடு இல்லாம ரோட்டோரத்துலயும் முகாம்லயும் தங்கறவங்க 1,80,000 பேருக்கு மேல, அவ்ளோ பணக்கார மாநிலத்துல. 2020 கணக்கெடுப்புக்கு அப்புறம் அவங்க நாடாளுமன்றத்துல அந்த மாநிலத்துக்கு ஒரு சீட்டு கொறைஞ்சுது, 53 இருந்தது 52, மாநிலம் உருவானதுலேர்ந்து அப்படிக் கொறைஞ்சது அதான் முதல் தடவை. ஜனங்க டெக்ஸாஸ் பக்கம் கெளம்பிப் போறாங்க. தீயைச் சொல்லணும்னா, சொர்க்கம்ங்கற அர்த்தத்துல பேரடைஸ்னு பேரு வச்ச ஊரே 2018 நவம்பர்ல ஒரே நாள்ல எரிஞ்சு போச்சு, அந்தத் தீயில 85 பேர் செத்தாங்க. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் எரிஞ்சதை டிவில நீங்களே பாத்தீங்க.

கோயிலுக்கு என்னன்னு எதிரணி அம்மா நடுவுல கேட்டாங்க. லிவர்மோர்ல சிவா விஷ்ணு கோயில் இருக்கு, மாலிபூல வெங்கடேஸ்வரர் இருக்காரு, உங்க பாட்டி கணக்குப்படியே குடியிருக்கலாமேன்னு சொன்னாங்க. நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் எங்க வீட்டம்மா கதையைச் சொல்லப் போறேன்.

2015 கோடையில நாங்க ரெண்டு பேரும் பையன் வீட்டுக்குப் போனோம், சான் ஹோசே பக்கத்துல. எங்க வீட்டம்மாவுக்கு நாப்பது வருஷப் பழக்கம், விடியக்காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டுத்தான் காபி. அங்க போயும் விடல. வாசல்னா என்ன வாசல், காரை நிறுத்தறதுக்குச் சிமெண்ட் போட்டு வச்சிருக்கற எடம். தோட்டத்து ஹோஸ் பைப்பைத் திருப்பி விட்டு ஒரு கால் மணி நேரம் பளிச்சுனு கழுவி விட்டுட்டு, பையன் வாங்கி வச்சிருந்த கோலமாவுல எட்டுப் புள்ளி கோலம். மொத நாள் நடந்துச்சு, ரெண்டாம் நாள் நடந்துச்சு. மூணாம் நாள் எதிர் வீட்டுக்காரர் வந்தாரு, வயசானவர், எங்க வயசுதான் இருக்கும், வெள்ளைக்காரர். கோலத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு ரொம்ப அழகா இருக்குன்னாரு. அப்புறம் பைப்பைக் காட்டி மெதுவா என்னமோ சொன்னாரு, இந்தம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிருச்சு. நாலாம் நாளும் பைப்பு. அஞ்சாம் நாள் கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு.

பையன் படிச்சுட்டு முகம் செவந்து போயிட்டான். அந்த மாநிலமே 2012லேர்ந்து வறட்சில கெடந்திருக்கு. காரு நிறுத்தற எடத்தையும் நடைபாதையையும் பைப்பு வச்சுக் கழுவினா ஒரு நாளைக்கு 500 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்னு முந்தின வருஷமே உத்தரவு. 2015 ஏப்ரல்ல அவங்க கவர்னரு பனியே இல்லாத மலையில நின்னுக்கிட்டு, ஊர்கள்ல தண்ணிச் செலவை 25 சதவீதம் கொறைக்கணும்னு சொல்லிட்டாரு. பையன் "ஏம்மா மானத்தை வாங்கற"ன்னு கேட்டுட்டான். இந்தம்மா பொலபொலன்னு அழுதுருச்சு. வாசல் தெளிக்காம விளக்கு எப்படிடா ஏத்தறதுன்னு கேக்குது. அன்னிக்கு அந்த வீட்டுல யாரும் சரியாச் சாப்பிடல.

மறுநாள் காலைல பாக்கறேன், வாசல் தெளிச்சிருக்கு! எப்படின்னு கேட்டா, ராத்திரி அரிசி களைஞ்ச தண்ணியை எடுத்து வச்சு, ஒரு சொம்புல கையை விட்டுத் தெளிச்சிருக்கு. எங்கம்மா ஊர்ல இப்படித்தான் தெளிப்பாங்க, ஒரு சொம்பு சாணித்தண்ணி போதும், பைப்பு வந்தப்புறம் தாங்க நமக்கு கெட்ட பழக்கம் வந்துச்சுன்னு சொல்லுச்சு. எதிர் வீட்டுக்காரர் அந்தச் சொம்பைப் பாத்துட்டு நேரா வந்து கையைக் குடுத்தாரு. அன்னிலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து. சாயங்காலமானா வந்து காபி கேப்பாரு, எங்க வீட்டம்மா தமிழ்லயே பேசும், அவரு இங்கிலீஷ்ல பதில் சொல்வாரு.

அவருதான் எங்களை மோனோ ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. மலையைத் தாண்டிப் போகணும், அஞ்சாறு மணி நேரம். போய்ப் பாத்தா கரையில வெள்ளை வெள்ளையாச் சுண்ணாம்புக்கல்லு, ஆளு உசரத்துக்கும் மேல கூம்பு கூம்பா நிக்குது. எங்க வீட்டம்மா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, கோயில் கோபுரம் மாதிரியே இருக்குங்களேன்னு சொல்லுச்சு. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரு முகம் வாடிப்போச்சு. இதெல்லாம் தண்ணிக்குள்ள இருந்திருக்க வேண்டியது, தண்ணி போனதாலதான் வெளிய தெரியுதுன்னாரு.

நம்ம சேலத்துக்காரங்களுக்கு இதை வெளக்கவே வேணாம். மேட்டூர்ல தண்ணி கொறைஞ்சா பண்ணவாடில நந்தி தலை தெரியும், பழைய சர்ச் கோபுரம் தெரியும். கோபுரம் தெரியுதேன்னு படம் புடிக்கறவன் வெளியூர்க்காரன். ஐயோ அணை வத்திருச்சேன்னு வயித்துல கை வைக்கறவன் டெல்டாக்காரன்.

அந்த ஏரிக்கு என்ன ஆச்சுன்னா, 400 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருக்கற லாஸ் ஏஞ்சலஸ் நகரம், அதுக்கு வர்ற ஓடைங்களை 1941லேர்ந்து திருப்பி எடுத்துக்கிச்சு. அதுக்கும் முன்னாடி 1913ல கால்வாய் வெட்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணியை எடுத்தாங்க, அங்க ஓவன்ஸ் ஏரின்னு ஒரு பெரிய ஏரி மொத்தமாக் காஞ்சு, புழுதி பறந்து, அந்தப் புழுதியை அடக்கறதுக்கு மட்டும் அதே நகரம் 200 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியிருக்கு. மோனோ ஏரி 1982க்குள்ள 45 அடி இறங்கிருச்சு. நடுவுல இருந்த தீவுல பறவைங்க முட்டையிடும், தண்ணி இறங்கித் தீவு கரையோட சேர்ந்துக்கிச்சு, ஓநாய் மாதிரி ஒரு ஜாதி நடந்தே போய்க் குஞ்சைத் தின்னுருச்சு.

அப்ப சில காலேஜ் பசங்க கெளம்புனாங்க. 1978ல ஒரு குழு ஆரம்பிச்சாங்க. என்ன பண்ணுனாங்க தெரியுங்களா, ஓடையிலேர்ந்து வாளியில தண்ணி மொண்டு, வரிசையா நடந்து போய் ஏரில ஊத்துனாங்க. லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து சைக்கிள்லயே அந்த ஊர்த் தண்ணியை எடுத்துட்டு வந்து ஏரில ஊத்துனாங்க. எதிர் வீட்டுக்காரரு வாளி தூக்கினவங்கள்ல ஒருத்தர்! தீர்த்தக்குடம் எடுக்கறதுன்னு நாம சொல்றோமே அதேதான், அவருக்கு அந்தப் பேரு தெரியல, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போனாங்க, 1983ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஏரி ஜனங்களுக்குச் சொந்தம், அரசாங்கம் அதுக்கு அறங்காவலர் மாதிரின்னு சொல்லிருச்சு. 1994ல, ஏரி குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறணும், அதுவரைக்கும் இவ்வளவுக்கு மேல தண்ணி எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அந்த மட்டத்தை இன்னும் தொடல. ஆனா ஏரி செத்துப் போகல.

இன்னொண்ணு, வக்கீல் தம்பிங்க கவனிங்க. 1996 டிசம்பர்ல நம்ம சுப்ரீம் கோர்ட்டு, பியாஸ் ஆத்து வழக்குல, இந்த மோனோ ஏரித் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் நம்ம நாட்டு ஆறும் ஏரியும் ஜனங்க சொத்துன்னு சொல்லுச்சு. அங்க வாளி தூக்குன புண்ணியம் நமக்கும் வந்து சேர்ந்திருக்கு. 2007லேர்ந்து நம்ம தமிழ்நாட்டுலயே ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கத் தனிச் சட்டம் இருக்கு. கவுன்சிலர் அம்மா, இதைத்தான் உங்க காதுல போடணும்னு இருந்தேன்.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்னு எங்க பாட்டி சொன்னப்ப, கோயில்னா அந்தம்மா மனசுல வெறும் கோபுரமா இருந்துச்சு? குளமும் சேர்ந்துதாங்க கோயிலு. அதனாலதான் எதிரணி அம்மா கேள்விக்கு என் பதில், லிவர்மோர்ல கோபுரம் இருக்கு, ஆனா அந்த மாநிலம் குளத்தை விட்டுட்டுக் கோபுரம் கட்டின மாநிலம். மெண்டோட்டாங்கற ஊரு பக்கத்துல போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, 1925லேர்ந்து 1977க்குள்ள நிலமே 28 அடி கீழ போயிருச்சு. நம்ம ரெண்டு மாடி வீட்டு உசரம். அப்படிப்பட்ட மண்ணு மேல 7 கோடிக்கு வீடு.

ஆனா நாம யோக்கியமா? பனமரத்துப்பட்டி ஏரி 1911ல இந்த சேலத்துக்குக் குடிதண்ணி குடுக்கறதுக்குன்னே கட்டினது. மேட்டூர்த் தண்ணி குழாய்ல வந்தப்புறம் அதைத் திரும்பிப் பாக்க ஆளில்ல, வர்ற ஓடைங்க அடைஞ்சு, வருஷக்கணக்கா வறண்டு சீமைக்கருவேலமா நின்னுச்சு. எங்கோ தூரத்துலேர்ந்து தண்ணி வருது, பக்கத்து ஏரி செத்தா என்னன்னு லாஸ் ஏஞ்சலஸ் நெனச்சதைத்தான் நாமளும் நெனச்சோம். சேர்வராயன் மலையில பொறந்து வர்ற திருமணிமுத்தாறு, ஊருக்குள்ள நுழைஞ்சதும் சாயமும் சாக்கடையுமா மாறிப்போச்சு, அது மேல போற பாலத்துல மூக்கைப் புடிச்சுக்கிட்டுத் தாண்டறோம். குமரகிரி ஏரி, பள்ளப்பட்டி ஏரி, ஒவ்வொண்ணா சொல்லிட்டே போனா நடுவர் ஐயா மணி அடிச்சிருவாரு.

நம்மளால முடியும்ங்க. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010ல ஊர்க்காரங்களே காசு போட்டு எறங்கித் தூர் வாரி, எடுத்த மண்ணைத் தீவு தீவாக் கொட்டி மரம் வச்சாங்க. இப்ப அங்க பறவைங்க கூடு கட்டுது. மோனோல தீவு போச்சு, மூக்கனேரில தீவு வந்துச்சு! இதைப் பேத்தி கிட்ட போன்ல சொன்னேன், "தாத்தா, எனக்கு அந்தத் தீவைக் காட்டுவீங்களா"ன்னு கேட்டா. காட்டறேன் கண்ணுன்னு சொல்லியிருக்கேன்.

மணி அடிச்சிட்டீங்க, ரெண்டே நிமிஷம் ஐயா. கலிஃபோர்னியா குடியிருக்க உகந்தது இல்ல, என் அணி ஜெயிக்கணும், அதுல மாத்தமில்ல. ஆனா எனக்குத் தீர்ப்பை விட ஆடிப் பதினெட்டு முக்கியம். அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணியோட பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக்கு வாங்க. பிளாஸ்டிக் குடம் வேணாம், பித்தளையோ எவர்சில்வரோ எடுத்துக்கங்க. கரையில கோலம் போடறதுக்கு எங்க வீட்டம்மா மாவு கொண்டு வரும். ஓடைங்களைத் திறந்து விடச் சொல்லி எழுதின மனு பின்னாடி மேஜைல இருக்கு, பந்திக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பேனா நாலு வச்சிருக்கேன். கவுன்சிலர் அம்மா, மொதக் கையெழுத்து உங்களுது. நன்றிங்க, வணக்கம்.