உயரம் இல்லாத காலேஜ் பேஸ்கட்பால் டீம் எப்படி ஜெயிக்கும்? நூறு பக்க நோட்டு சொன்ன கணக்கு

(திரையில: சிமெண்ட் கோர்ட், துருப்பிடிச்ச ரிங், பாதி அறுந்த நெட்டு காத்துல ஆடுது)

வணக்கம் மக்களே. இந்த ரிங்க பாருங்க. கடலூர்ல நான் படிச்ச காலேஜ் ரிங்கு இப்படித்தான் இருக்கும், பெயின்ட் அடிச்சா நாலு மாசம், அப்புறம் உப்புக்காத்து தின்னுடும், நெட்டு மாட்டுனா ஐப்பசி மழையோட சரி. இதுல ஆடிட்டு நாங்க இன்டர் காலேஜ் மேட்ச்சுக்குப் போனோம். முதல் மேட்ச் ஸ்கோர் 71-28. 28 யாருன்னு சொல்லணுமா?

வேன்ல திரும்பி வரும்போது ஆளாளுக்கு ஒரே பேச்சு, அவனுங்க எல்லாம் ஆறடிக்கு மேலடா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்தவனுங்கடா, ஹாஸ்டல்ல முட்டையும் பாலும் ஓடுதுடா, நாம என்னடா பண்றதுன்னு. எங்க பி.டி. சார் ஒண்ணும் பேசல. மேட்ச் முழுக்க பென்ச்ல ஒரு பையன் கையில நூறு பக்க நோட்டு குடுத்து உக்கார வச்சிருந்தாரு, ஷூட் பண்றதுக்கு முன்னாடியே பந்து நம்ம கைய விட்டுப் போனா ஒரு கோடு போடுடான்னு. பாகூர் தாண்டும்போது அந்த நோட்ட வாங்கி எண்ணச் சொன்னாரு. 31 கோடு.

இப்ப ஒரு கணக்கு போடுவோம், பயப்படாதீங்க, சின்ன கணக்குதான். காலேஜ் மேட்ச் 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிஷம். அதுல ஒரு டீம் கைக்கு பந்து தோராயமா 70 தடவ வருதுன்னு வச்சுக்கங்க. 31 தடவ சும்மாவே குடுத்துட்டோம், மிச்சம் 39. ரீபவுண்டு (மிஸ்ஸான ஷாட்ட புடிக்கிறது), ஃப்ரீத்ரோ (ஃபவுலுக்குக் குடுக்குற ஷாட்) எல்லாம் இப்போதைக்கு விட்டுடுங்க. 39 ஷாட்ல 14 உள்ள போயிருக்கு, அதான் 28 பாயின்ட். அதாவது நூத்துக்கு 36. எங்க ரிங்குல பழகிட்டு வந்தவங்களுக்கு இது மோசமே இல்லைங்க! இதே கையோட, ஒரு ஷாட்டு கூட நல்லா அடிக்கக் கத்துக்காம, பந்த விடுறத 15ஆ கொறைச்சிருந்தா 55 ஷாட், 20 உள்ள, 40 பாயின்ட். இது போக நாம தவறவிடுற பந்து ஒவ்வொண்ணும் எதிர் டீமுக்கு ஆளே இல்லாத லேஅப்பா, அதாவது ரிங்குக்குக் கிட்டப் போய் போடுற ஈஸி ஷாட்டா போகுதுல்ல, அதுவும் கொறையும்.

அமெரிக்காவுல டீன் ஆலிவர்னு ஒருத்தர் பேஸ்கட்பால் ஜெயிக்கிறத நாலு காரணமா பிரிச்சாரு. ஷூட்டிங்குக்கு 40 சதவீதம், பந்த விடாம இருக்கிறதுக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீத்ரோவுக்கு 15ன்னு எடை போட்டாரு. என்னைக் கேட்டா சின்ன காலேஜ் அந்த 40ஐத் துரத்தவே கூடாது. ஷூட்டிங் கைக்கு வர வருஷக்கணக்கு ஆகும், நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஊர்ல ஸ்கூல்லேர்ந்து ஆடிட்டு வந்த பையன் கிடைச்சா அதிர்ஷ்டம், அவ்ளோதான். ஆனா அந்த 25, அந்த 20 இருக்கு பாருங்க, இது ரெண்டையும் ஒரே செமஸ்டர்ல மாத்தலாம்.

(திரையில: கோர்ட் படம், நடுக்கோடு, ரெண்டு மூலை)

முதல்ல பிரஸ். பெரிய டீம் நம்மள எப்படி முழுங்குதுன்னா, பந்த உள்ள போட்ட உடனே ரெண்டு பேர் ஓடி வந்து மூலையில அமுக்குவானுங்க. 8 செகண்டுக்குள்ள நடுக்கோட்டத் தாண்டணும், அந்தப் பதட்டத்துல நம்ம ஆளு தலையக் குனிஞ்சு ட்ரிபிள் பண்ணிட்டு, அதாவது பந்த தரையில தட்டிட்டு, சைடு லைன் பக்கமா ஓடுவான். அங்கதான் தப்பு. சைடுல கோடு, பின்னாடி கோடு, கோடு ரெண்டும் அவனுங்களுக்காக சம்பளம் வாங்காம டிஃபென்ஸ் ஆடுது. அதனால எங்க சார் வச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு, மூலையில பந்து வாங்காத, நடுவுல ஒருத்தன் எப்பவும் நிக்கணும். நடுவுல வாங்குனா நாலு பக்கமும் பாஸ் போடலாம், ரெண்டு பேர் ஒருத்தன அமுக்குறானுங்கன்னா எங்கயோ நம்ம ஆளு ஒருத்தன் சும்மா நிக்கிறான்னு அர்த்தம்.

இதுக்கு பிராக்டிஸ் என்னன்னா ட்ரிபிளே இல்லாத மேட்ச். பந்து கையில வந்தா ரெண்டு காலையும் ஒண்ணா ஊணி நிக்கணும், பிவட் அடிச்சு, அதாவது ஒரு கால நகர்த்தாம இன்னொரு கால வச்சுத் திரும்பணும், பாஸ். தரையில தட்டுனா பந்து எதிர் டீமுக்கு. முதல் வாரம் எல்லாருக்கும் கடுப்பு, இதுக்கு த்ரோபாலே ஆடலாம் சார்னு ஒருத்தன் வாய விட்டுட்டு கிரவுண்ட அஞ்சு ரவுண்டு சுத்துனான். மூணாவது வாரம் நோட்டுல கோடு 20க்கு கீழ வந்துச்சு. சும்மா சொல்லல.

அடுத்தது ரீபவுண்டு. இதுக்கு உயரம் வேணும்னு சொல்றவங்க பாதிதான் கரெக்ட். பந்து ரிங்குல பட்டு மேல போற நேரத்துல யாரு இடுப்ப யாரு தள்ளி வச்சிருக்கான்ங்கிறதுதான் விஷயம். ஷாட் போனதும் நம்ம ஆளுங்க பந்தையே அண்ணாந்து பாத்துட்டு நிப்பாங்க, அது கூடாது, முதல்ல உன் ஆள தேடு, முதுக அவன் மேல போடு, உக்கார்ற மாதிரி இடுப்ப இறக்கு, அப்புறம் பந்தப் பாரு. மூலையிலேர்ந்து போட்ட ஷாட் மிஸ்ஸானா பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும், தூரத்து ஷாட்னா பந்து தள்ளிப் போய் விழும், அதனால எல்லாரும் ரிங்குக்கு அடியில போய்க் குவியாதீங்க.

எங்களுக்கு இதுல கிடைச்சது குறிஞ்சிப்பாடி பக்கத்துலேர்ந்து வந்த கபடி பையன், 5 அடி 8 அங்குலம். பேஸ்கட்பால தொட்டதே இல்ல. ஆனா அவன நகர்த்தணும்னா ஜேசிபிதான் வரணும். அவனோட முதல் மேட்ச்ல எதிர் டீம் சென்டர் இடுப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுட்டான், ரெஃப்ரி விசிலே ஊதாம ஒரு செகண்ட் முழிச்சாரு. அஞ்சு ஃபவுல் ஆனா ஆட்டத்த விட்டு வெளியன்னு அவன் மண்டையில ஏத்தவே ஒரு மாசம். அதுக்கப்புறம் எங்க டீம்ல அதிக ரீபவுண்டு அவன்தான். செலக்ஷன் வைக்கும்போது கபடி, வாலிபால் கிரவுண்டு பக்கமும் ஒரு நட போய்ட்டு வாங்க, தேவனாம்பட்டினம் பசங்க மாதிரி மணல்லயே ஓடி வளர்ந்த காலுக்கு நாலாவது குவார்ட்டர்ல மதிப்பு தெரியும்.

இன்னொரு உதாரணம், இதுவும் சின்ன காலேஜ்தான். அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல கிரின்னெல்னு ஒரு காலேஜ், அங்க டிவிஷன் 3ல ஆடுறாங்க, அந்த டிவிஷன்ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அதனால பெரிய பிளேயர் வர மாட்டான். கோச் டேவிட் ஆர்சனோ என்ன பண்ணாருன்னா அஞ்சு பேரையும் மொத்தமா ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கிட்டே இருந்தாரு, முழு கோர்ட்டும் பிரஸ், எதிர் டீம விட 25 ஷாட் அதிகமா போடணும்ங்கிறதுதான் டார்கெட். 2012 நவம்பர்ல ஜாக் டெய்லர்ங்கிற பையன் ஒரே மேட்ச்ல 138 பாயின்ட் அடிச்சான், அதுக்கு அவன் போட்ட ஷாட் 108! அந்த 138 எனக்கு வேடிக்கையாத்தான் தெரியுது, ஒருத்தனுக்கே பந்த ஊட்டுனது ஆட்டமா? ஆனா பத்து பதினஞ்சு பேருக்கும் வேல குடுத்தாருல்ல, அது நல்ல யோசன. நம்ம ஊர் மே மாச வெயில்ல முழு மேட்ச்சும் பிரஸ் போட்டா ஆம்புலன்ஸ் வரும், குவார்ட்டரோட கடைசி ரெண்டு நிமிஷம் புது அஞ்சு பேர இறக்கிப் போடுங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம்.

பிராக்டிஸ் நேரம்தான் பெரிய தலைவலி. பாதிப் பேர் பண்ருட்டி, பரங்கிப்பேட்டைன்னு பஸ் பாஸ்ல வர பசங்க, சாயங்காலம் அந்த ஒரு பஸ்ஸ விட்டா வீட்டுல திட்டு. அதனால 3:30லேர்ந்து 4:45, ஒரு நிமிஷம் கூட லைன்ல நிக்க வச்சு வேஸ்ட் பண்ண மாட்டாரு சார். மழை பேஞ்சா காரிடார்ல சுவத்துப் பாஸ், பாக்ஸ் அவுட் (முன்னாடி சொன்ன முதுக போட்டுத் தடுக்குறது), ரூல்ஸ். மேட்ச்சுக்குப் போன நாளுக்கு அட்டென்டன்ஸ் வாங்குற ஓ.டி. (ஆன் டியூட்டி) ஃபார்ம கேப்டன் தலையில கட்டாதீங்க, டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா சார்தான் ஏறி இறங்குனாரு, அரியர் வச்சவன சீனியர் பக்கத்துல உக்கார வச்சாரு. அட்டென்டன்ஸ் போச்சுன்னா உங்க பெஸ்ட் பிளேயர் எக்ஸாம் ஹாலுக்கு வெளிய நிப்பான், டீமுக்கு எங்க வர்றது? இன்னொண்ணு, பாண்டியில ஒரு இன்டோர் கோர்ட்ல முதல் தடவ ஆடுனப்ப எங்க தேஞ்ச ஷூவுக்கு எல்லாரும் ஸ்கேட்டிங் போனோம். ஈரத்துணி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, டைம் அவுட்ல ஷூ அடியத் தொடைச்சுக்கங்க.

அடுத்த வருஷம் எங்கள 71-28ல அடிச்ச அதே டீமோட மறுபடி மேட்ச் விழுந்துச்சு. 52-47, தோத்தோம். நோட்டுல 13 கோடு. தேர்டு இயர்ல 58-55, இந்தத் தடவ 58 நாங்க. உயரம் ஒரு இஞ்ச் கூட ஏறல.

(திரையில: நோட்டுப் பக்கம், நாலு கட்டம்)

உங்க டீமுக்கு நோட்டு போடணும்னா நாலு கட்டம் போதும். விட்ட பந்து, புடுங்குன பந்து, நம்ம ரிங்கு ரீபவுண்டு, அவங்க ரிங்கு ரீபவுண்டு. பொண்ணுங்க டீமுக்கும் இதேதான், பந்து மட்டும் 6ம் நம்பர் சைஸ். ஆட முடியாம அடிபட்டு உக்காந்திருக்கிற பிளேயர்கிட்ட குடுங்க, அவன்தான் கோபத்துல கரெக்டா எழுதுவான். பேனா ரெண்டா எடுத்துட்டுப் போங்க, ஒண்ண ஸ்கோர் டேபிள்ல கேட்டு வாங்குவாங்க, அது திரும்பி வராது.