அண்ணனுக்குக் கொண்டாட்டம், அண்ணிக்கு ஓவர்டைம்

நடுவர் அவர்களே, நம் மும்பையின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்து ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் நல்லவர்களே, வணக்கம்.

'இல்லத்தில் மகிழ்ச்சி நிலைப்பது அன்றாடப் பழக்கங்களாலா, அவ்வப்போது வரும் கொண்டாட்டங்களாலா?' நான் பழக்கங்களின் பக்கம். முன்னால் பேசிய எதிரணி அண்ணன் தீபாவளியைச் சொன்னார், லோனாவாலா மலைக்குச் சுற்றுலா போனதைச் சொன்னார், மே மாதம் ரயிலேறித் திருநெல்வேலி போவதைச் சொன்னார். கேட்கவே இனித்தது. ஆனால் தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தது யார், ஊருக்குப் பெட்டி கட்டியது யார், ரயிலுக்குப் புளியோதரை கிளறியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அண்ணிதான், வேறு யார்? அண்ணனுக்கு அது கொண்டாட்டம், அண்ணிக்கு ஓவர்டைம்.

சும்மா சொல்லவில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலை செய்த ஆண்களின் சராசரி! ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் கணக்கெடுத்த நாளில் கையே வைக்கவில்லை. அவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. இந்த 200 நிமிடத்தை வருஷத்துக்கு ஒரு லோனாவாலா ஈடுகட்டுமா?

நம் தண்ணீர்க் கதையைப் பாருங்கள். இங்கே பல கட்டிடங்களில் முனிசிபாலிட்டித் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும், அதுவும் சில இடங்களில் விடியுமுன். தினமும் ஒரே ஆள் எழுந்து டிரம்மை நிரப்பும் வீட்டில் எட்டு மணிக்கு என்ன சத்தம் கேட்கும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு மனப்பாடம். நம் சுவர்கள் அப்படி. இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று முறை வைத்த வீட்டிலும் அதே தண்ணீர்தான் வருகிறது, சண்டைதான் வருவதில்லை.

அப்புறம் மாலை. டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கல் ரயில் நெரிசலில் ஒற்றைக்காலில் நின்று வந்தவரிடம், கதவைத் திறந்ததும் 'கேஸ் புக் பண்ணீங்களா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? முதலில் டீயைக் கொடுங்கள், கேஸ் பத்து நிமிஷம் பொறுக்கும். வேலைக்குப் போய் வரும் மனைவிக்கு அந்த டீயைக் கணவன் போட்டாலும் பால் திரிந்துவிடாது.

சாப்பிடும்போது செல்போனைத் தள்ளி வைப்பது, ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தினம் ஒரு போன் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

'தினமும் செய்தால் சலித்துவிடும்' என்றார் அண்ணன். 1890 வாக்கில் தொடங்கி இந்த நகரத்தில் டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் அதே சப்பாத்தி, அதே பாஜி. வருஷத்துக்கு ஒரு விருந்து போதும் என்று மும்பை நினைத்திருந்தால் அந்தத் தொழிலே பிறந்திருக்காது.

பண்டிகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராவித் தெருவில் வரிசையாகப் பொங்கல் பானை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: போன பொங்கலுக்கு அடிப்பிடித்த பானையை உங்கள் வீட்டில் யார் தேய்த்தார்கள்? யோசித்துச் சொல்லுங்கள், வீட்டம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.