ரசிகர்கள் அடித்த கத்திகள்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கத்திகளைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கொல்லுப்பட்டறையில் துருத்தி பிடித்தவனல்லன் நான். கையால் செய்த கத்திகளைப் பார்த்தும், அவற்றைச் செய்தவர்களைப் பற்றிப் படித்தும் வருகிற புதியவன், அவ்வளவே. ஆனால் அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டில் வளர்ந்த கைவினைக் கத்திக் கலையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்தக் கலையை வளர்த்த முன்னோடிகளில் சிலர் கொல்லர் வீட்டில் பிறந்து தொழில் பழகியவர்களே அல்லர். யாரோ ஒருவர் செய்த கத்தியைக் கண்டு மயங்கி, அதைப்போல் ஒன்று வேண்டுமென்று அலைந்து, கடைசியில் தாங்களே உலை மூட்டிக்கொண்ட ரசிகர்கள்.

மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் என்றொருவர் இருந்தார். 1873இல் பிறந்தவர். மான்கொம்பும் தோல் வளையங்களும் கோத்த கைப்பிடிகளுடன் அவர் செய்த வேட்டைக் கத்திகள் அந்த வட்டாரத்தில் புகழ்பெற்றிருந்தன. 1930களில் ஃபுளோரிடாவின் எலுமிச்சைக் குடும்பப் பழத்தோட்டக்காரரான போ ராண்டல், விடுமுறைக்கு மிச்சிகனின் வாலூன் ஏரிக்குச் சென்றிருந்தபோது, ஒருவர் கத்தியால் படகின் பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவ்வளவு முரட்டு வேலைக்குப் பிறகும் கத்தியின் வாய் மழுங்கவில்லை. விசாரித்தால் அது ஸ்கேகல் செய்தது. ராண்டல் அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, தாமும் ஒன்று செய்து பார்த்தார். ஆர்லாண்டோவில் அவர் தொடங்கிய பட்டறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களிடையே பெயர் பெற்றது. இன்றும் அங்கே முன்பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புதான் அடுத்தவரை உருவாக்கியது. 1950களின் முற்பகுதியில் பாப் லவ்லெஸ் என்ற இளம் கப்பல் தொழிலாளி, ராண்டல் கத்தி ஒன்றை வாங்க நியூயார்க்கின் ஆபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குப் போனார். ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். பொறுமையில்லாத அவர், பழைய பாக்கார்டு கார் ஒன்றின் ஸ்பிரிங்கை எடுத்து, கப்பல் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சி அடித்துத் தம் முதல் கத்தியைச் செய்தார். வண்டி ஸ்பிரிங் எஃகின் அருமையை நம் ஊர் அரிவாள் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிப் பட்டையை வைத்து அவர்கள் நெடுநாளாகச் செய்வதும் அதுதான். சில ஆண்டுகளுக்குள், லவ்லெஸுக்கு ஒன்பது மாதம் கெடு சொன்ன அதே கடை அவருடைய கத்திகளை வாங்கி விற்றது.

பின்னாளில் லவ்லெஸ் எஃகைக் காய்ச்சி அடிப்பதைக் கைவிட்டு, தகட்டிலிருந்து வேண்டாத பகுதியைச் சாணைப்பட்டையில் தேய்த்துக் கழிக்கும் முறைக்கு மாறினார். முதுகுக்கோடு சற்றே கீழிறங்கி முனையைத் தொடும் அவருடைய வேட்டைக் கத்தியைச் சாதாரண அழகியல் முடிவாக நான் முதலில் எண்ணியிருந்தேன். வேட்டையாடிய விலங்கின் தோலைக் கீறும்போது முனை உள்ளே பாய்ந்து குடலைக் கிழித்துவிடக் கூடாது என்பதே அதன் காரணம். கைப்பிடிக்குள் ஓடும் எஃகு நாக்கைப் பின்புறம் போகப்போக மெலியச் செய்து, எடையை அலகுக்கும் பிடிக்கும் நடுவே நிறுத்தியதும், 154சிஎம் என்ற உயர்ரக எஃகை 1970களில் கத்தித் தொழிலுக்குள் கொண்டுவந்ததும் அவரே. காய்ச்சி அடித்த கத்தி உயர்ந்ததா, தேய்த்து எடுத்த கத்தி உயர்ந்ததா என்று இன்றும் அங்கே சண்டை நடக்கிறது. எனக்கு அது வீண் சண்டையாகவே படுகிறது. ஏனெனில் கத்தியின் தரத்தை முடிவுசெய்யும் வேலை இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

அந்த வேலை தோய்ச்சல். எளிய கார்பன் எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்குமேல் சிறிது சூடேறியதும், வெதுவெதுப்பான எண்ணெயில் அமிழ்த்துவார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் எஃகின் உள்ளமைப்பு மாறி, அரத்தால் தேய்த்தாலும் அரம் வழுக்கும் அளவுக்குக் கடினமாகிவிடும். ஆனால் அந்த நிலையில் கீழே போட்டால் கண்ணாடியாக உடையலாம். எனவே மறுபடி 200 டிகிரி அளவில், இரண்டு மணி நேரமாக, பெரும்பாலும் இரண்டு முறை சூட்டில் வைத்தெடுக்கிறார்கள். தேய்த்து வெளுத்த பரப்பில் அப்போது வைக்கோல் நிறம் படரும். கடினம் கொஞ்சம் குறைந்து, அதற்கு ஈடாக உரம் ஏறியிருக்கும். முதல் சூட்டில் அளவு மீறியிருந்தால் எஃகின் மணிகள், அதாவது அதன் உள்ளே இருக்கும் நுண்படிகங்கள், பருத்துவிடும். அதை மெருகும் கைப்பிடியும் முழுதாக மறைத்துவிடும், உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் கற்றுக்கொள்பவர்கள் தாம் செய்த அலகுகளில் சிலவற்றை வேண்டுமென்றே உடைத்து, உடைந்த இடத்தில் மணி எவ்வளவு நுண்ணியது என்று பார்க்கிறார்கள். கண்காட்சியில் மேசை மேல் மின்னும் கத்தியை வாங்குகிறவர் இத்தனையையும் செய்தவர்மேல் உள்ள நம்பிக்கையில்தான் வாங்குகிறார். அலகில் பொறித்த பெயருக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரனும் நண்பர்களும் 1976இல் அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியை நிறுவினார்கள். அதில் ‘ஜர்னிமேன்’ என்ற முதல் தகுதியைப் பெற விரும்புகிறவர், தாம் அடித்த கத்தியால், அந்தரத்தில் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். பிறகு கட்டடங்களுக்குப் பயன்படும் இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை அதே கத்தியால் இருமுறை வெட்டி முறிக்க வேண்டும். அதன்பின் தீட்டாமலே அந்த வாயால் கை மயிரை மழிக்க வேண்டும். இவ்வளவும் தேறிய கத்தியின் முனையை வைஸ் என்னும் பிடிகருவியில் கவ்வவைத்து, 90 டிகிரி வளைக்கிறார்கள். வாய்ப்புறத்தில் சிறு வெடிப்பு விழலாம். கத்தி இரண்டாக முறிந்தால் தோல்வி. வாய் கடினமாகவும் முதுகு வளையத்தக்கதாகவும் ஒரே எஃகுத் துண்டில் இரண்டு குணங்களை வரவழைத்தவர் மட்டுமே இதில் தேறுவார். தேறிய கத்தி அதற்குப்பின் எதற்கும் உதவாது. தாம் செய்ததைத் தாமே அழித்துத் தகுதி காட்ட வேண்டியிருக்கும் தொழில்கள் அதிகமில்லை.

அடுத்த படியான ‘மாஸ்டர்’ தகுதிக்கு இதே சோதனையைக் குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட டமாஸ்கஸ் கத்தியால் செய்து காட்ட வேண்டும். இந்த டமாஸ்கஸ் வேலை அமெரிக்காவில் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. இருவகை எஃகுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி ஒட்டவைத்து, நீட்டி, மடித்து, மறுபடி ஒட்டுகிற வேலை அது. கடைசியில் அமிலத்தில் நனைத்தால் ஒரு எஃகு கறுக்கும், நிக்கல் கலந்த மற்றொன்று வெள்ளியாக நிற்கும். மோரன் தாமே முயன்று இதைக் கைவரப்பெற்று, 1973இல் கன்சாஸ் சிட்டியில் நடந்த கத்தி செய்வோர் சங்கக் கண்காட்சிக்குச் சில டமாஸ்கஸ் கத்திகளைக் கொண்டுவந்தார். அதைவிடப் பெரிய செய்தி, செய்முறையை அவர் மறைத்து வைக்காமல் கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. 1988இல் ஆர்கன்சாவின் பழைய வாஷிங்டன் ஊரில் கத்திக்கென ஒரு பள்ளியும் எழுந்தது. போவி என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பெருங்கத்தியை ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லர் செய்தது அவ்வூரில்தான் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. பிளாக்கின் செய்முறை அவரோடே போய்விட்டது என்றும் சொல்வார்கள். மோரன் அதற்கு நேரெதிர்.

இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. மோரனின் அடுக்கு எஃகும், பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகும் ஒன்றல்ல. பழைய வாள்களின் நெளிகோலம், மூடிய மண்கலத்தில் உருக்கி எடுத்த, கார்பன் மிகுந்த எஃகுக் கட்டிக்குள்ளேயே தோன்றியது. அத்தகைய கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்கு ஏற்றுமதியாயின. கொங்குநாட்டுக் கொடுமணல் அகழாய்வு உலைகளும் சேலம் வட்டார எஃகும் அந்த மரபின் சாட்சிகள். கொல்லர் மகனான ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1819இலேயே இவ்விந்திய எஃகைப் பகுத்தாராய்ந்தார். ஆனாலும் கோலத்தின் மறைபொருள் பிடிபடவில்லை. ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த ஆல் பெண்ட்ரேயும், அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, இரும்புத் தாதுவோடு வந்த வனேடியம் போன்ற தனிமங்களின் மிக நுண்ணிய அளவே அந்தக் கோலத்துக்குக் காரணம் என்று 1990களில் காட்டினார்கள். நம் உலைகள் அணைந்து நூறாண்டுக்கு மேலாகியபின், அந்த எஃகின் மீது ஆசைப்பட்ட லாடக்காரர் ஒருவர் அதைச் செய்து காட்டியதை நினைத்தால், எனக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இக்கலையில் இப்போது பணம் புரள்கிறது; தந்தமும் தங்கமும் பதித்து, எதையும் ஒருநாளும் வெட்டாமல் பெட்டிக்குள் உறங்கும் கத்திகளுக்குத்தான் பெருவிலை. நெடுங்காலம் விரும்பப்பட்ட கைப்பிடிப் பொருள் நம் காட்டுக் கடமானின் கொம்பு. அதன் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபின் பழைய இருப்புக்கு விலை ஏறிவிட்டது. தடையை நான் வரவேற்கிறேன். ஸ்கேகலின் கத்தி படகைச் சுரண்டியதால்தான் ராண்டலின் கண்ணில் பட்டது என்பதைச் சேகரிப்பாளர்கள் மறந்துவிட்டார்களோ என்றும் தோன்றுகிறது.

உங்களில் யாருக்காவது ஆசை பிறந்திருந்தால், அலங்காரமில்லாத, சிறிய கார்பன் எஃகுக் கத்தியாக வாங்குங்கள். செய்தவரிடம் தோய்ச்சலைத் தாமே செய்தாரா, வெளியே கொடுத்தாரா என்று கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகென்றால் பலர் வெளி உலைக்குத்தான் அனுப்புகிறார்கள், நேர்மையானவர் அதை ஒளிக்க மாட்டார். எலுமிச்சையோ வாழைக்காயோ நறுக்கினால் அலகு கறுக்கும். அது குறையன்று; துருவை ஓரளவு தடுக்கும் மேற்பூச்சு. துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள், தேய்த்து எடுத்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.