காசிமேட்டு ஐஸ் மெஷினும் ஒரு பேட்டன்டும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேட்டன்ட் ஏஜென்டாக வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். அப்பா வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தார். பேட்டன்டைப் பத்திரிகைகளில் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உரிமைக்கும் சிலர் அதே சொல்லைப் போட்டுவிடுவதால் குழப்பம் வருகிறது. அதனால் பட்டறையில் சொல்வது மாதிரி பேட்டன்ட் என்றே சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததைத் தரையில் வைத்துப் பிரித்தார். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு டிரம், அதன்மேல் பற்கள். காசிமேட்டில் போட் கடலுக்குக் கிளம்பும் முன் ஐஸ் பாரை உடைத்துத் தூளாக்கி ஏற்றுவார்கள் அல்லவா, அந்த மெஷினுக்கு உள்ளே சுழல்கிற டிரம் அது. பற்கள் நேர் வரிசையில் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் போய் ஐஸில் மோதும். மோட்டார் திணறும், பெல்ட் நழுவும். இவர் பற்களைத் திருகாணியின் மரை மாதிரி சுற்றிச் சுற்றி வைத்திருந்தார். ஒரு பல் கடித்து முடிக்கும்போது அடுத்த பல் கடிக்கும். ஒவ்வொரு பல்லின் அடியிலும் வெல்டிங் மேட்டை அரத்தால் வழித்திருந்தார், தூள் அங்கே ஒட்டித் தங்கக் கூடாது என்று. நான் விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு.

"இத பேட்டன்ட் பண்ணிக் குடும்மா. இதே மாதிரி செஞ்சு வேற ஒருத்தன் வித்துக்கினு கீறான்" என்றார்.

நீங்கள் முதலில் விற்றது எப்போது என்று கேட்டேன். "ஏழெட்டு மாசம் இருக்கும். மூணு மெஷின் போட்டாச்சு" என்றார், பெருமையாக.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நம் சட்டத்தில், விண்ணப்பம் போடும் முன்பே கடையில் விற்ற பொருள் புதிய பொருள் இல்லை. அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தால் 12 மாதச் சலுகை என்று சில விலக்குகள் உண்டு. விற்பனைக்கு அந்தச் சலுகை கிடையாது. இதையே அவர் அமெரிக்காவில் விற்றிருந்து, அங்கே விண்ணப்பமும் போட்டிருந்தால், முதல் விற்பனையிலிருந்து ஒரு வருஷம் டயம் இருந்திருக்கும். இதை அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விதான் இன்று என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது: "அது எப்டிமா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நியாயம்?"

பேட்டன்ட் என்பது ஒரு பேரம். உன் தொழில் ரகசியத்தை மற்றவர் படித்துச் செய்யும்படி எழுதிக் கொடு, அதற்குப் பதிலாக இத்தனை வருஷம் மற்றவர் யாரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை தருகிறேன் என்று அரசு சொல்கிறது. திறந்திருப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்துதான் பேட்டன்ட் என்ற பெயரே வந்தது. எல்லோரும் படிக்கட்டும் என்று அரசர் ஒட்டாமல் கொடுத்த முத்திரைக் கடிதம் அது. எந்தப் பேரத்திலும் நடப்பதுதான் இதிலும் நடந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு எது தேவையோ அப்படிப் பேசிக்கொண்டது.

1474-ல் வெனிஸ் நகர அரசு போட்ட சட்டத்தைத்தான் முதல் பேட்டன்ட் சட்டம் என்கிறோம். பத்து வருஷ உரிமை. அந்த ஊருக்குள் அதுவரை யாரும் செய்யாததாக இருந்தால் போதும். இங்கிலாந்தில் அரசர்கள் உப்பு விற்கும் உரிமையைக்கூட வேண்டியவர்களுக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1624-ல் நாடாளுமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. புதிதாகச் செய்தவனுக்கு மட்டும் 14 வருஷம் என்றது. ஒரு பையன் பட்டறையில் சேர்ந்து தொழில் பழக ஏழு வருஷம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இரண்டு ஏழு, பதினாலு. எங்கள் அப்பாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து அமெரிக்கா. 1793-ல் அங்கே சொந்தக் குடிமகனுக்கு மட்டும்தான் பேட்டன்ட். 1836-ல் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தார்கள், ஆனால் கட்டணத்தைப் பாருங்கள்: அமெரிக்கருக்கு 30 டாலர், பிரிட்டிஷ்காரருக்கு 500 டாலர். நெதர்லாந்து 1869-ல் பேட்டன்டே வேண்டாம் என்று சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் அது இல்லாமலே இருந்தது. ஜெர்மனி 1877-ல் சட்டம் போட்டபோது ரசாயனப் பொருளுக்கு பேட்டன்ட் தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. சாயத் தொழிலில் அவர்கள் உலகத்தை முந்தியது அந்தச் சட்டத்தின் கீழ்தான். மருந்துப் பொருளுக்கு ஜப்பான் பேட்டன்ட் கொடுக்க ஆரம்பித்தது 1976-ல், இத்தாலி 1978-ல். இன்று நம்மைப் பார்த்து உங்கள் சட்டம் சரியில்லை என்று சொல்லும் நாடுகள் எல்லாம் தாங்கள் வளர்கிற வரைக்கும் இப்படித்தான் நடந்துகொண்டன. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

நமக்குச் சட்டம் வந்தது 1856-ல், கம்பெனி ஆட்சியில். கல்கத்தாவில் டிபென்னிங் என்ற இன்ஜினியர் போட்டதுதான் முதல் விண்ணப்பம், பங்கா என்ற கூரை விசிறியைக் கயிறு கட்டி இழுக்கும் மெஷினுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே இருந்த பேட்டன்ட்களில் பெரும்பங்கு வெளிநாட்டவர் கையில்தான் இருந்தது. அதை மாற்ற வழி சொன்னவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார். அவர் 1959-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து 1970-ம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பொருள் பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் ஏழு வருஷம். ஒரே மருந்தை வேறு வழியில் செய்ய நம் கம்பெனிகள் கற்றுக்கொண்டன.

உலக வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் 2005-ல் பொருள் பேட்டன்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 20 வருஷம். ஆனால் அந்தத் திருத்தத்தில் 3(டி) என்ற பிரிவைக் கடுமையாக்கினார்கள். தெரிந்த மருந்தையே வடிவம் மாற்றிக் கொண்டுவந்தால், குணப்படுத்தும் திறன் கூடினால்தான் பேட்டன்ட். ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் புதிய படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் என்ற சுவிஸ் மருந்துக் கம்பெனி பேட்டன்ட் கேட்டபோது, 2006-ல் இல்லை என்று சொன்னது சென்னை பேட்டன்ட் அலுவலகம்தான். அந்தப் பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கைப் பாரிமுனையில் இருக்கிறதே, நம் உயர்நீதிமன்றம், அங்கே 2007-ல் தள்ளுபடி செய்தார்கள். 2013 ஏப்ரல் 1-ல் உச்சநீதிமன்றமும் பேட்டன்ட் கிடையாது என்று முடித்தது. அதே படிகத்துக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கிடைத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆகிற மாத்திரை இங்கே நம் கம்பெனிகளிடம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வித்தியாசம் எனக்கு வெறும் எண் இல்லை.

மருந்தில் இவ்வளவு யோசித்த நாம் பட்டறைக்காரரை மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். ஜெர்மனி 1891-லேயே சின்னக் கண்டுபிடிப்புகளுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டன்ட் வைத்தது. நீண்ட பரிசோதனை இல்லாமல் சீக்கிரம் பதிவாகும், அதிகபட்சம் பத்து வருஷம். சீனாவிலும் அப்படி ஒன்று உண்டு. நம் மத்திய அரசு 2011-ல் அதைப் பற்றி ஒரு விவாதக் குறிப்பு வெளியிட்டது. சட்டம் இன்னும் வரவில்லை. அந்த டிரம் மாதிரி வேலைகளுக்கு அதுதான் சரியான அளவுச் சட்டை.

அது வரும் வரைக்கும் ஒன்று செய்யலாம். தற்காலிக விண்ணப்பம் என்று இருக்கிறது. தனிநபர் ஆன்லைனில் போட 1,600 ரூபாய். என்ன செய்திருக்கிறோம், எப்படி வேலை செய்கிறது என்று எழுதிப் படம் வைத்து அனுப்பினால் அந்தத் தேதியே உங்கள் முதல் தேதியாகப் பதிவாகும். முழு விவரம் கொடுக்க 12 மாதம் உண்டு. வெளிநாட்டிலும் வேண்டுமென்றால் அந்த 12 மாதத்துக்குள் அங்கே போடலாம், பெரும்பாலான நாடுகள் உங்கள் முதல் தேதியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் போடுவதற்கு முன்னால் விற்காதீர்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ போடாதீர்கள், பக்கத்துப் பட்டறையில் காட்டாதீர்கள்.

பெரியவர் போன மாதம் மறுபடி வந்தார். இந்த முறை சாக்கு இல்லை, ஒரு நோட்டில் பென்சில் படம். வலை இழுக்கும் வின்ச்சுக்கு ஒரு பிரேக். "இன்னும் யாருக்கும் காட்டலம்மா, என் பையனுக்குக்கூட" என்றார். படத்துக்கு அளவு குறித்துக்கொண்டிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.