எட்டு வாரம் என்று சொன்னார்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் 24 ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்து வருகிறேன். தீபாவளியும் டிசம்பர் விடுமுறையும் நெருங்கும் நாட்கள் இவை. பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் பெற்றோர் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால், பால் மறக்காத குட்டிகளைப் பற்றியும் அவற்றை விற்பவர்களைப் பற்றியும் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை மாலையில், என் தம்பி ஓர் அட்டைப் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பெட்டிக்குள் பழைய துவாலை ஒன்றின் மேல் ஓர் அல்சேஷன் குட்டி சுருண்டு கிடந்தது. பெட்ரோல் கராஜின் ஓரத்தில் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தாராம்; 1,500 ரேண்டுக்கு வாங்கி வந்திருக்கிறான். "அக்கா, எட்டு வாரம் ஆயிற்றாம், ஊசியும் போட்டாயிற்றாம்" என்றான். நான் குட்டியைக் கையில் எடுத்து உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தேன். மேல் ஈற்றில் முன்பற்கள் அரிசி முனை போல அப்போதுதான் எட்டிப் பார்த்தன. கோரைப்பல் முளைக்கும் இடத்தில் விரலை வைத்தபோது, ஈற்றுக்கு அடியில் ஒரு சிறு மேடு தட்டுப்பட்டதே தவிர பல் வெளியே வரவில்லை. கண்களில் இன்னும் நீலம் படர்ந்திருந்தது. தரையில் விட்டால் நான்கு அடி நடப்பதற்குள் பின்னங்கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. எட்டு வாரம் என்றால் பெரும்பாலும் 28 பால் பற்களும் வாயில் இருக்க வேண்டும். நான் கையில் வைத்திருந்தது நான்கு வாரத்தைத் தாண்டாத குட்டி.

விற்பவர் வேறு எதில் பொய் சொன்னாலும் பின்னால் ஓரளவு சரிசெய்துவிடலாம். வயதில் சொல்லும் பொய் அப்படிப்பட்டதன்று; நீங்கள் கொடுக்கும் உணவு, போடும் ஊசி, எதிர்பார்க்கும் பழக்கம் எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான் அமைகின்றன. நான்கு வாரக் குட்டியை எட்டு வாரக் குட்டி என்று நம்பி, கிண்ணத்தில் காய்ந்த தீனியை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர் மாலையில் திரும்பும்போது, அது குளிர்ந்து துவண்டு கிடப்பதைப் பார்க்க நேரிடலாம். சிறிய குட்டியின் உடலில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமில்லை. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே அது தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். அப்படித் துவண்ட குட்டியின் ஈறுகளில் ஒரு துளித் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவி, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். விழுங்கும் நிலையில் இல்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி முழுவதும் எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். குட்டிக்குப் பசும்பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பது போலத்தானே என்று அம்மா நினைத்தார்; அந்த நினைப்பில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு என்றால், தாய் நாயின் பாலில் ஏறத்தாழ 9 பங்கு; புரதமும் இரண்டு மடங்கு. பசும்பாலில் கூடுதலாக இருக்கும் சர்க்கரையைக் குட்டியின் குடல் தாங்காது. மறுநாள் காலையிலேயே வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்தும், குட்டித் தீனியை வெந்நீரில் கூழாக ஊறவைத்தும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார் மருத்துவர். தீனியில் இறைச்சி இருக்கிறதே என்று அம்மா தயங்கினார். பின்பக்கத் தாழ்வாரத்தில் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனி வாளி என்று ஏற்பாடு செய்துகொண்டோம். சமையலறையின் விரதம் சமையலறையில் இருந்தது, குட்டியும் பிழைத்தது. புட்டியில் பால் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குட்டியைக் கைக்குழந்தை போல மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், தாயிடம் குடிப்பது போலக் குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும்.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, குட்டியைத் தாயிடமே திருப்பி விட முடியுமா என்பதுதான். தாயும் மற்றக் குட்டிகளும் நலமாக இருந்தால், இன்னும் நான்கு வாரம் அங்கே இருப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. தம்பி விற்றவரின் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தான். அந்த எண் அணைக்கப்பட்டிருந்தது.

குட்டியின் ஈறுகள் வெளுத்திருந்ததற்குக் காரணம் கொக்கிப்புழு. அது தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்குள் வந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். உருண்டைப்புழுவோ தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் பொறுப்புள்ளவர்கள் இரண்டாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். இந்த உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் கிடந்து, கையில் ஒட்டி, பிள்ளைகளின் வாய்க்குள் போனால் அவர்களுடைய கண்ணைக்கூடப் பாதிக்கலாம். குட்டியைத் தொட்ட பிறகு கை கழுவச் சொல்வது வெறும் சுத்தத்துக்காக அன்று.

நான் அஞ்சியது வேறொன்றுக்கு. பார்வோ என்னும் நச்சுயிரியை இங்கே பலர் 'கேட் ஃப்ளூ' என்று சொல்கிறார்கள். பெயரில் பூனை இருந்தாலும் இது நாய்க்குட்டிகளைக் கொல்லும் நோய். 1978-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இந்நோய், இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி அதற்கு வந்து சேரும். தாய்க்கே ஊசி போடவில்லை என்றால் சீம்பாலில் அந்தச் சக்தி இருக்கும் என்று நம்புவதற்கில்லை. தாய் தந்த சக்தி இருக்கும்வரை அதுவே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்த நாளில் அது தீரும் என்பதோ ஒவ்வொரு குட்டிக்கும் வேறுபடும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் முடியும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் ஊசி போடுகிறோம். "ஊசி போட்டாயிற்று" என்று ஒருமையில் சொல்லும் விற்பனையாளரிடம் அட்டையைக் கேளுங்கள். அதில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும், மருத்துவரின் கையொப்பமும், முத்திரையும், தேதியும் இருக்க வேண்டும். நான்கு வாரக் குட்டிக்குப் போட்டதாகச் சொல்லும் ஊசி, போட்டிருந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது.

தம்பி குட்டியைக் கொண்டுவந்த பதினோராம் நாள் எங்கள் மருத்துவ அறைக்கு வேறொரு குடும்பம் ஒரு குட்டியைத் தூக்கி வந்தது. அதே கராஜ், அதே பக்கி, அதே அட்டைப் பெட்டி. குட்டிக்கு வயிறு இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது, வாந்தி நிற்கவில்லை, தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இந்த நச்சுயிரியைக் கொல்ல நம் கையில் வழக்கமான மருந்து இல்லை. நரம்பில் நீர் ஏற்றி, வாந்தியை அடக்கி, மற்றக் கிருமிகள் தாக்காமல் காத்து, குட்டியே போராடி வெல்லக் காத்திருப்பதுதான் சிகிச்சை. இரண்டாம் இரவில் அது இறந்தது. பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அதற்கு வாங்கியிருந்த சிவப்புக் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, "நான் என்ன தப்பாகக் கொடுத்துவிட்டேன், ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

இப்படி ஒரு குட்டி இறந்த வீட்டில், சிமென்ட் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஜிக் என்னும் வெளுப்பான் நீரை ஒரு பங்கு எடுத்து 30 பங்கு நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். மண்ணிலும் புல்லிலும் அது பயன்படாது. அங்கே இந்த நச்சுயிரி பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அந்த முற்றத்துக்கு ஊசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவராதீர்கள்.

"பாவமாக இருந்தது, அதனால் வாங்கினேன்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த இரக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வெயிலில் பெட்டிக்குள் கிடக்கும் குட்டியைப் பார்த்துவிட்டுக் கடந்து போவது எளிதன்று. ஆனால் பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை சூட்டுக்கு வரும், 63 நாட்களில் குட்டி போடும். நீங்கள் கொடுத்த பணம், நீங்கள் பார்த்தே இராத அந்தத் தாயின் அடுத்த ஈற்றுக்கு முன்பணமாகிறது. வாங்குவதற்குப் பதிலாக இடத்தையும் நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கு அழையுங்கள். 1962-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி விலங்குகளைத் துன்புறுத்துவது குற்றம். வந்து பார்க்க அவர்களுடைய ஆய்வாளர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

வீட்டில் வளர்த்து விற்பவர் எல்லாரும் தீயவர் அல்லர். நல்லவர் உங்களைத் தம் வீட்டுக்கே வரச்சொல்வார். தாயின் மடியில் குட்டிகள் முட்டிக் குடிப்பதைப் பார்க்க விடுவார். உங்கள் வீட்டு வேலி எப்படி, பகலில் யார் இருப்பார்கள் என்று திருப்பிக் கேள்வி கேட்பார். "தாய் பண்ணையில் இருக்கிறது, பாதி வழியில் சந்திக்கலாம்" என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கூசா சங்கத்தின் பதிவுத் தாள் இருக்கிறதே என்பார்கள். அது குட்டியின் பரம்பரையைச் சொல்லும், அதன் உடல்நலத்துக்குச் சான்றாகாது.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, வலித்த குட்டி கத்திக்கொண்டு விலகிப் போகும்; அப்போதுதான் கடித்த குட்டிக்குத் தன் பல்லின் அளவு தெரிகிறது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் வாரங்களில் நடக்கும் பாடம் இது. எங்கள் குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. கடித்தால் சத்தமில்லாமல் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவது என்று வீட்டில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றினோம். அப்படியும் அது அடங்க ஓராண்டு ஆயிற்று. பக்கத்துத் தெருவில் ஊசி போட்ட, பொறுமையான ஒரு கிழ நாய் இருந்தது. எங்களால் கற்றுக்கொடுக்க முடியாத பலவற்றை அது ஓர் உறுமலில் கற்றுக்கொடுத்தது. ஊசிகள் முடியும்வரை குட்டியை நடைபாதையில் விடவில்லை. ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்தின் சத்தத்தையும் கோயில் மேளத்தையும் தொப்பி போட்ட மனிதர்களையும் காட்டினோம். 12, 14 வாரத்துக்குள் காணாததை நாய் பிற்பாடு அச்சத்தோடுதான் காணும்.

குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருக்கும் நமக்கு வெறிநோய் தொலைவில் உள்ள ஒன்றன்று. 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் ஊசி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த ஓராண்டுக்குள் இரண்டாவது, பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குட்டி கீறினாலும் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். நோயின் குறிகள் தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்குமானால், விளக்கடியில் குட்டியின் உதட்டை விலக்கிப் பற்களைப் பாருங்கள். ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள். இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் நகர்ந்துகொள்ள அதற்கு மறுபக்கம் வேண்டும். வீட்டு நாய்களிடமிருந்து தனியே வையுங்கள். காலையில் மருத்துவரிடம் போகும்போது, விற்றவர் சொன்ன வயதை அல்லாமல் நீங்கள் வாயில் கண்டதைச் சொல்லுங்கள். தெருவோரத்தில் வாங்கினேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். என் தம்பியும் அப்படித்தான் வாங்கினான். அவனுடைய நாய்க்கு இப்போது மூன்று வயது. பின்பக்கத் தாழ்வாரத்தில் இன்னமும் அதே கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறது.

நன்றி, வணக்கம்.