ஆலையைப் பூட்டிவிட்டு இலுப்பைப்பூவை எடைபோடலாமா?

(கோல்ஃப் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி தொழிலாளர் குடும்பங்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே! முன்னிலை வகிக்கும் மேனாள் மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே! பள்ளி மைதானத்தை மனமுவந்து தந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! உடம்பு சரியில்லாத நிலையிலும் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருக்கும் வார்டு உறுப்பினர் ஐயா அவர்களே! மைக் செட் தம்பிகளே! முன்வரிசை காலியாக இருந்தும் பின்னால் சுவரோரமாகவே நிற்கும் கேடி அண்ணன்மார்களே! எல்லாருக்கும் வணக்கம். அண்ணன்மார்கள் முன்னால் வந்து உட்காரவேண்டும். இது உங்கள் கூட்டம்.

நீதிபதி ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனசு ஆறாது. கேடிகளும் ஆட இடம் கேட்கும் நம் மனுவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவை படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டார். "உரிமையைக் கேக்கும்போது எதுக்குய்யா தயவு?" என்றார். அந்தத் தாள் இன்றைக்கும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'கோல்ஃபில் யார் பெரியவர், அந்தக் காலத்தவரா, இந்தக் காலத்தவரா?' இதை மூன்று வகையில் பார்க்கவேண்டும். கருவி, களம், போட்டியிட்ட கூட்டம். மூன்றையும் சொல்கிறேன்.

முதலில் கருவி. ஆரம்ப காலத்துப் பந்து, தோலுக்குள் வெந்த இறகைத் திணித்துத் தைத்த பந்து. மழையில் நனைந்தால் ஊறிப்போகும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. 1898-இல் ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து. மட்டையின் தண்டோ ஹிக்கரி மரம். உருக்குத் தண்டு பழக்கத்துக்கு வந்தது 1920-களின் கடைசியில்தான். பந்து வேறு, தண்டு வேறு, எப்படி ஒப்பிடுவது என்று கேட்பார்கள். ஹாரி வார்டனைப் பாருங்கள் என்பேன். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்றவர். 1896, 1898, 1899 மூன்றும் மரப்பால் பந்தில். 1903, 1911, 1914 மூன்றும் ரப்பர் பந்தின் காலத்தில். நடுவில் காசநோய் வந்து படுத்தும் எழுந்தார். பந்து மாறியது, கை மாறவில்லை.

அடுத்து, போட்டியிட்ட கூட்டம். எங்கள் ஆயா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை." பழைய வீரர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது இதைத்தான் சொல்கிறார்கள். முதல் பிரிட்டிஷ் ஓப்பன் 1860 அக்டோபர் 17, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில். ஆடியவர்கள் எட்டே பேர். வில்லி பார்க் வென்றார். இன்றைக்கு அதே போட்டியில் 156 பேர் இறங்குகிறார்கள். எட்டுப் பேரில் ஒருவன் ஜெயித்தது இலுப்பைப்பூதானே என்கிறார்கள்.

அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 1862-இல் அதே ஓப்பனில் ஓல்ட் டாம் மோரிஸ் 13 அடி வித்தியாசத்தில், அதாவது அடுத்தவரைவிட 13 தடவை குறைவாகப் பந்தை அடித்து, ஜெயித்தார். கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர் போட்டிகளில் அந்தச் சாதனை 138 வருஷம் நின்றது. 2000-இல் பெப்பிள் பீச்சில் டைகர் வுட்ஸ் வந்து 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்துத்தான் அதை உடைத்தார். ஓல்ட் டாமின் மகன் யங் டாம் 1868, 69, 70 என மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்து, பரிசான பெல்ட்டையே சொந்தமாக்கிக்கொண்டான். கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. 24 வயதில், கிறிஸ்துமஸ் அன்று, செத்துப்போனான்.

ஜாக் நிக்லஸ் 18 மேஜர், வுட்ஸ் 15. இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். நிக்லஸ் 19 முறை இரண்டாமிடம் வந்தவர் என்பதை யாரும் எண்ணுவதில்லை. கடைசி மேஜரை 46 வயதில், 1986-இல், ஜெயித்தார். உயரம் என்று பார்த்தால் வுட்ஸ், நீளம் என்று பார்த்தால் நிக்லஸ், இது என் கட்சி. பஸ் மோதி எலும்பெல்லாம் நொறுங்கி, பதினாறு மாதத்தில் திரும்பி வந்து 1950 யு.எஸ். ஓப்பனை ஜெயித்த பென் ஹோகன் என் மனசுக்கு நெருக்கம். வரும் வழியில் தலைமையாசிரியை அம்மா கேட்டார், "உங்க பட்டியல்ல ஒரு பொம்பளைகூட இல்லையா?" நியாயமான கேள்வி. மிக்கி ரைட் 82 போட்டி ஜெயித்தவர். சாம் ஸ்னீட், டைகர் வுட்ஸ் இருவரும் அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஜெயித்ததும் அதே 82-தான்.

இப்போது பழமொழிக்குத் திரும்ப வருகிறேன். அந்தப் பழமொழியில் ஆலை என்றால் கரும்பாலை. முதல் ஓப்பன் நடந்த அதே 1860 அக்டோபரில், ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து கிளம்பிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிப்போன முதல் கப்பல். அங்கே வெள்ளைக்காரன் பெல்ட் வாங்குகிறான், இங்கே நம் ஆள் ஆலைக்குக் கப்பலேறுகிறான்.

அப்படிப் போய்ச் சேர்ந்த இந்தியர்களின் சமூகத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பாப்வா சேகோலம். டர்பன் கடலோரத்தில் ஏழைக் குடும்பம். பையன் கேடி வேலைக்குப் போனான். தம்பி, அந்தக் குடையைக் கொஞ்சம் கொடுப்பா. எல்லாரும் பாருங்கள். வலது கைப் பழக்கக்காரன் மட்டையை இப்படிப் பிடிப்பான், இடது கை மேலே, வலது கை கீழே. பாப்வாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர் இப்படிப் பிடித்தார். வலது கை மேலே, இடது கை கீழே. வீட்டுக்குப் போய் ஒரு விளக்குமாற்றை இப்படிப் பிடித்து வீசிப் பாருங்கள், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் ஒத்துக்கொள்ளாத பிடி. அந்தப் பிடியோடு, அவர் திறமையைப் பார்த்த ஒரு முதலாளி ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். 1959-இல் பாப்வா டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1960-இல் மறுபடியும். 1964-இல் மூன்றாவது முறை.

சொந்த ஊரில்? 1963, நேட்டால் ஓப்பன், டர்பன் கன்ட்ரி கிளப். நிறவெறி ஆட்சி. சிறப்பு அனுமதி வாங்கித்தான் ஆட முடிந்தது. ஆடினார். ஜெயித்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. ஜெயித்தவரை கிளப் கட்டடத்துக்குள் விட முடியாது, ஏனென்றால் அவர் இந்தியர். தோற்றவர்கள் உள்ளே கூரைக்கு அடியில். ஜெயித்தவர் வெளியே மழையில். நனைந்தபடியே கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போனது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. 1965-இல் அதே நேட்டால் ஓப்பனில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். ஒன்பது மேஜர் ஜெயித்த கேரி பிளேயரை! அதற்குப் பிறகு வெள்ளையர் போட்டிகளின் கதவை அரசாங்கம் அடைத்துவிட்டது. 1978-இல், ஐம்பது வயதைத் தொடுவதற்குள், ஏழையாகவே இறந்தார். அவருக்கு மேஜர் எத்தனை? பூஜ்யம். உங்கள் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்? ஆலை இல்லாத ஊர் என்கிறோமே, ஆலை இருந்தது ஐயா. பூட்டி வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். அங்கே பி.ஜி.ஏ. அமைப்பின் விதியிலேயே வெள்ளையர் மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். 1961-இல்தான் எடுத்தார்கள்.

கதவைக் கொஞ்சம் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஹோகனும் பைரன் நெல்சனும் டெக்சஸில் ஒரே கிளப்பில் கேடிப் பையன்கள். 1927-இல் கேடிகளுக்கென்று வைத்த போட்டியில் இருவரும் சமமாக முடித்து, கூடுதலாக ஆடிய ஆட்டத்தில் நெல்சன் ஓர் அடியில் ஜெயித்தார். நெல்சன் 1945-இல் தொடர்ந்து 11 போட்டி ஜெயித்தார், இன்றுவரை யாரும் தொடவில்லை. ஸ்பெயினின் செவெ பாயெஸ்தெரோஸ் கேடி. லீ ட்ரெவினோ கேடி. 1991-இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் கேடி. 2009-இல் அதே கோப்பையைத் தூக்கிய பெங்களூர் சின்னசாமி முனியப்பா, அவரும் கேடி.

கேடி என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊரில் போலீஸ் பதிவேடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளியில் "உங்கப்பா கேடியாடா?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், என் அப்பா கேடி. முப்பது வருஷம் பை சுமந்தவர். வலது தோளில் வார் பதிந்த தடம், நாலு விரல் அகலம், தோல் கறுத்துக் கெட்டித்துப் போயிருக்கும். ராத்திரி அம்மா அங்கே விளக்கெண்ணெய் தேய்ப்பார். குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் புல்தரையில் குந்தி உட்கார்ந்து வாட்டம் பார்த்து, "குழிக்கு ஒரு சாண் எடது பக்கம் விடுங்க சார்" என்றால் பந்து போய் விழும். அந்தப் புல்லில் அவர் ஒரு பந்துகூட அடித்ததில்லை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் சாயங்காலம், வளைந்த கொய்யாக் கிளையால் நான் ஒரு பந்தை அடித்துவிட்டேன். காவலாளி பிடித்துக்கொண்டார். அப்பா கைகட்டி நின்றார். இரண்டு வாரம் வேலை இல்லை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பந்து நேரா போச்சாடா?" என்று மட்டும் கேட்டார். நேராகத்தான் போனது.

களத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் ஒரு பணக்காரக் கிளப்பின் சொத்தல்ல, ஊருக்குப் பொதுவான நிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுவார்கள். டைகர் வுட்ஸ் சின்ன வயதில் ஆடியது லாங் பீச்சில் ஒரு பொது மைதானத்தில், காசு கட்டினால் யாரும் ஆடலாம். பாப்வாவை மழையில் நிறுத்திய அதே டர்பனில் இன்று நகராட்சி மைதானம் ஒன்றுக்கு அவர் பெயர்.

நாம் கேட்பது இரண்டு. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, கேடிகளும் அவர்கள் பிள்ளைகளும் கிளப் மைதானத்தில் ஆடவேண்டும். அமெரிக்காவில் பல கிளப்புகளில் இது நடைமுறை. இரண்டாவது, சந்தா இல்லாமல் டிக்கெட் வாங்கி ஆடுகிற மாதிரி ஒன்பது குழி பொது மைதானம் ஒன்று. தண்ணீர் எங்கே என்பார்கள். சுத்திகரித்த கழிவுநீர் போதும். இடம் எங்கே என்பார்கள். குட்டைக் குழிகளாக அமைத்தால் பெரிய மைதானத்தில் சிறு பங்கு இடமே போதும். வார்டு உறுப்பினர் ஐயா இதை மாமன்றத்தில் எழுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், எல்லார் சார்பிலும் அவருக்கு நன்றி.

வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். நீதிபதி ஐயா திருத்திய மனு. பேனாவும் இருக்கிறது, ஸ்டாம்ப் பேடும் இருக்கிறது. முதல் பக்கத்தில் மேலே இருக்கும் கைநாட்டு என் அப்பாவுடையது. அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.